க்ரூகர் காட்டுக்குள் சொந்தச் சமையல்: குடிலில் முதன்முறை தங்கப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆப்பிரிக்கக் காட்டுப் பயணம் என்றவுடன், திறந்த ஜீப்பில் வழிகாட்டியுடன் சுற்றிவிட்டு இரவில் சொகுசு விடுதியில் விருந்துண்ணும் காட்சியே பலர் மனத்தில் எழுகிறது. அதற்கு ஆகும் செலவைக் கேட்டவுடன் ஆசையை அப்படியே மடித்து வைத்துவிடுகிறவர்களும் பலர். தென்னாப்பிரிக்காவில் உள்ள க்ரூகர் தேசியப் பூங்காவில் இதற்கு வேறொரு வழி உண்டு. உள்ளூர்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது போல, வாடகைக் காரை நாமே ஓட்டிச் சென்று, காட்டுக்குள் வேலியிட்ட முகாமில் ஒரு குடிலை எடுத்து, அதன் சமையலறையில் நாமே சமைத்து உண்டு தங்கலாம். 1926இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட க்ரூகர், ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் முகாம்களைத் தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்கள் வாரியம், சுருக்கமாகச் 'சான்பார்க்ஸ்', நடத்துகிறது.

இப்படித் தங்குவதில் சிக்கனம் ஒரு லாபம். உங்கள் நேரம் உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பெரிய லாபம். ஆனால் அந்த நேரத்தை முகாம் வாயில் திறக்கும் மணியும் மூடும் மணியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விடியலில் வாயில் திறக்கும்போது காரில் அமர்ந்திருப்பவர்களே சிங்கத்தைச் சாலையில் பார்க்கிறார்கள். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்கிறார்கள். ஆகவே எந்த முகாம், எந்தக் குடில், என்ன சமையல் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த வாயில் நேரத்தை வைத்தே விடை காண வேண்டும் என்பது என் கருத்து.

முதல் படி: முகாமையும் குடிலையும் தேர்ந்தெடுத்தல்

பூங்காவில் 12 முதன்மை முகாம்கள் உள்ளன. தெற்கே ஸ்குகூசா, லோயர் சாபி, பெர்க்-என்-டால், பிரிட்டோரியஸ்கோப், குரோக்கடைல் பிரிட்ஜ் ஆகியவையும், நடுப்பகுதியில் சடாரா, ஓர்பன், ஒலிஃபன்ட்ஸ், லெட்டாபா ஆகியவையும், வடக்கே மொபானி, ஷிங்வெட்சி, புண்டா மரியா ஆகியவையும் அமைந்துள்ளன. முதன்முறை செல்பவர்கள் தெற்கையும் நடுப்பகுதியையும் விட்டு வடக்கே போக வேண்டாம். வடக்கு அமைதியானது, பறவை ஆர்வலர்களின் சொர்க்கம். ஆனால் அங்கே விலங்குகளைக் காணப் பொறுமை அதிகம் வேண்டும்.

ஸ்குகூசா தலைமையகம். பெட்ரோல் நிலையம், பெரிய கடை, உணவகம், மருத்துவர் என ஒரு சிற்றூருக்குரிய வசதிகள் எல்லாம் அங்கே உண்டு. சிற்றூருக்குரிய சந்தடியும் உண்டு. லோயர் சாபி ஆற்றங்கரையில் உள்ளது. அதன் வாயிலுக்கு வெளியே சிறிது தொலைவிலேயே இருக்கும் சன்செட் அணையில் முதலையும் நீர்யானையும் ஏறக்குறைய எந்நாளும் தென்படும். சடாரா புல்வெளிப் பகுதியின் நடுவில் இருப்பதால் சிங்கம், சிவிங்கிப்புலி போன்றவற்றுக்குப் பெயர்பெற்றது. ஒலிஃபன்ட்ஸ் முகாம் ஆற்றுக்கு மேலே உயர்ந்த பாறை விளிம்பில் நிற்கிறது. அங்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே கீழே ஆற்றில் யானைகள் இறங்குவதைக் காணலாம்.

ஆறு இரவுகள் கையில் இருந்தால் லோயர் சாபியில் மூன்று, சடாராவில் மூன்று எனப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இரவும் ஒரு முகாம் என்று திட்டமிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தினமும் மூட்டை கட்டுவதிலும், குளிர்பெட்டியைக் காலி செய்வதிலும், மீண்டும் நிரப்புவதிலும் காலைப் பொழுதுகள் கரைந்துவிடும்.

அடுத்தது குடிலின் வகை. இங்கேதான் கவனம் மிகவும் தேவை. எளிய 'ஹட்' வகையில் கட்டிலும் மின்விசிறியும் இருக்கும். குளியலறையும் சமையலறையும் பொதுவானவை. 'பங்களோ' என்று குறிப்பிடப்படுவதில் தனிக் குளியலறை உண்டு. பல பங்களோக்களில் வாசல் திண்ணையில் சிறு சமையலிடமும் உண்டு. சிலவற்றிலோ குளிர்பெட்டி மட்டுமே இருக்கும். 'காட்டேஜ்' என்றால் தனிப் படுக்கையறை, தனிச் சமையலறை, உட்காரும் இடம் ஆகியவை இருக்கும். குடும்பக் காட்டேஜ் நான்கு முதல் ஆறு பேர் தங்கத் தக்கது. வட்டச் சுவரும் கூம்பு வடிவப் புல்கூரையும் கொண்ட குடில்களை அங்கே 'ரொண்டாவெல்' என்கிறார்கள். பார்வைக்கு நம் பழைய கூரைவீட்டை நினைவூட்டினாலும், பெரும்பாலானவற்றில் குளிரூட்டி இருக்கிறது.

முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு குடிலுக்கும் கீழே உள்ள விவரணையில் சமையலிடம், பாத்திரங்கள் ஆகிய இரண்டும் தனித்தனியே குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பொதுச் சமையலறையை நம்பும் குடில்களில் தட்டு, கரண்டி, பானை எதுவும் தரமாட்டார்கள். பொதுச் சமையலறையில் மின் அடுப்பும், பாத்திரம் கழுவும் தொட்டியும், கொதிநீர்க் குழாயும் மட்டுமே இருக்கும். இரவு எட்டு மணிக்கு ஒரு பொட்டலம் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் குடிலில் பானை இரவல் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. கொடுத்தார்கள், இருந்தாலும் அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டாம்.

முதன்மை முகாம்கள் அல்லாமல் பியாமிட்டி, தலமாட்டி, ஷிமுவினி, பேட்டலர், சிரேனி என்னும் சிறு புதர்க்காட்டு முகாம்களும் இருக்கின்றன. இவற்றில் கடையும் இல்லை, உணவகமும் இல்லை. அங்கே தங்குகிறவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாது. ஒருமுறை சென்று வந்தவர்களுக்கு இவை அருமையான இடங்கள். முதல் பயணத்தில், உப்பு தீர்ந்துபோனால் வாங்க ஒரு கடை பக்கத்தில் இருப்பதே நல்லது. பலூலே என்ற துணை முகாமின் குடில்களுக்கு மின்சாரமே கிடையாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து மயங்கிப் பதிவு செய்துவிட்டு அங்கே போய்ப் பிளக் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: காலமும் முன்பதிவும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், காட்டுக்குள் தண்ணீர் வற்றி, விலங்குகள் ஆறுகளையும் அணைகளையும் நாடி வரும், கொசுவும் குறைவு. விடியற்காலையில் மட்டும் கம்பளி மேலங்கி இல்லாமல் வெளியே வர முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் கடும் வெயிலும் மாறி மாறி வரும். காடு பச்சைப்பசேல் என்றிருக்கும்; இம்பாலா மான்கள் குட்டி போடும் காலமும் அதுவே. ஆனால் உயர்ந்த புல்லுக்குள் படுத்திருக்கும் சிங்கம் பத்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படாது. கனமழையில் மண்சாலைகளையும் மூடிவிடுவார்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி வெள்ளத்தில் ஸ்குகூசா முகாமுக்குள்ளேயே ஆற்று நீர் புகுந்தது.

பதிவைச் சான்பார்க்ஸின் இணையதளத்திலேயே நேரடியாகச் செய்யலாம். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே இடங்கள் திறந்துவிடுகின்றன. ஆற்றைப் பார்த்த குடில்களும், வேலியோரக் குடில்களும் முதலில் தீர்ந்துபோகும். உள்ளூர்ப் பள்ளி விடுமுறைகளான டிசம்பர்-ஜனவரி, ஈஸ்டர் வாரம், ஜூன்-ஜூலை வாரங்கள் ஆகியவற்றைத் தவிர்த்தால் கூட்டமும் குறைவு, இடமும் எளிதில் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாமல் சில நாள்களுக்கு ஒருமுறை பாருங்கள். ரத்தாகும் இடங்கள் அவ்வப்போது மீண்டும் வருகின்றன.

குடில் வாடகை அல்லாமல், காட்டுயிர்ப் பாதுகாப்புக் கட்டணம் என்ற ஒன்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளுக்கும் செலுத்த வேண்டும். வெளிநாட்டவருக்கு இது உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். குடும்பமாகப் பல நாள்கள் தங்குவதானால், 'வைல்ட் கார்டு' என்ற ஓராண்டு உறுப்பினர் அட்டை லாபமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: புறப்படுவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தென்னாப்பிரிக்க விசாவை முன்கூட்டியே பெற வேண்டும். வண்டி ஓட்டுபவர், நம் ஊர் ஓட்டுநர் உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கேயும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பது நமக்குப் பெரிய ஆறுதல். ஆதிஸ் அபாபா, நைரோபி போன்ற நகரங்களின் வழியே பறப்பவர்கள், அங்கே விமானம் மாறும் இடைவெளி 12 மணி நேரத்தைத் தாண்டினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கும் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

க்ரூகர் மலேரியா உள்ள பகுதி. மழைக்காலத்தில் ஆபத்து கூடுகிறது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்; குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். மலேரியாவைப் பரப்பும் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். நீங்கள் திண்ணையில் நின்று சமைக்கும் நேரமும் அதுவே. ஆகவே முழுக்கைச் சட்டை, காலை மூடும் உடை, தோலில் தடவும் கொசு விரட்டி ஆகியவற்றைச் சமையல் சாமான்களோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. தென்னாப்பிரிக்காவின் பழைய வகைப் பெரிய உருண்டை மூன்று முனைப் பிளக், நம் வீடுகளில் கெய்சருக்கும் ஏசிக்கும் போடுகிறோமே, அதே வகைதான். மின்னழுத்தமும் ஒன்றே. ஆகவே பெரிய முனையுள்ள ஒரு நீட்டிப்புப் பெட்டியைக் கொண்டுபோனால், நம் கைப்பேசி, கேமரா மின்னேற்றிகள் எல்லாவற்றையும் அதிலேயே செருகிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் விலை கொடுத்து அடாப்டர் வாங்க வேண்டியதில்லை.

நான்காம் படி: சாமான் வாங்குதல்

ஊரிலிருந்து எதைக் கொண்டுபோகலாம் என்பதில் நிதானம் வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், விதைகள், தேன், இறைச்சி, பால் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்ல வேண்டாம். அனுமதி இல்லாமல் அவற்றை உள்ளே விடமாட்டார்கள். அதனால் பெரிய குறையும் இல்லை. 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்குப் போன நாள் தொட்டு அந்த நாட்டில் நம் மக்கள் வாழ்ந்து வருகிறார்கள். சோம்பும் மிளகாய்த்தூளும் பருப்பும் அங்கே பல்பொருள் அங்காடிகளிலேயே கிடைக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் ஒருநாள் தங்குகிறவர்கள் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதிக்குச் சென்றால், பொடி வகைகளோடு கறிவேப்பிலையும் தேடிப் பார்க்கலாம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்4 நெடுஞ்சாலையில் வந்தால், பூங்காவின் தெற்கு வாயில்களை அடைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். வழியில் உள்ள ம்பொம்பேலா நகரம்தான் பெரிய கடைகளுக்கான கடைசி நல்ல இடம். பழைய பெயரான நெல்ஸ்புரூட் என்றும் சில பலகைகளில் பார்ப்பீர்கள். பால் க்ரூகர் வாயில் வழியே செல்பவர்கள் ஹேசிவியூவிலும், ஓர்பன் வாயிலுக்குச் செல்பவர்கள் ஹூட்ஸ்ப்ரூட்டிலும் வாங்கலாம். முகாம்களிலும் கடை உண்டு. ரொட்டி, முட்டை, பால், உறைந்த இறைச்சி, கரி, விறகு எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் பச்சைக் காய்கறியைப் பொறுத்தவரை அந்தக் கடைகளை நம்ப முடியாது. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, எலுமிச்சை, இஞ்சி ஆகியவற்றை வெளியிலேயே வாங்கிவிடுங்கள். சைவம் உண்பவர்களுக்கு இது கட்டளை போன்றது; முகாம் உணவகங்களின் பட்டியல் பெரும்பாலும் இறைச்சியைச் சுற்றியே அமைந்திருக்கும்.

பருப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. குடிலில் பிரஷர் குக்கர் இருக்காது. சிறு மின் அடுப்பில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்கத் தொடங்கினால் நட்சத்திரம் முளைத்து மறையும் வரை நிற்க வேண்டியதுதான். மைசூர்ப் பருப்போ பாசிப்பருப்போ வாங்கினால் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். தயிருக்குச் சாதாரண யோகர்ட் போதும். அதைவிட, 'அமாசி' என்று விற்கும் புளித்த பாலை வாங்கிப் பாருங்கள். தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் அன்றாட உணவான அது, நம் தயிருக்கும் மோருக்கும் இடைப்பட்ட பதத்தில் இருக்கும். வெயிலில் சுற்றிவிட்டு வரும் மதியத்தில் அமாசியை நீர்விட்டுக் கரைத்து, உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் குடித்தால் வேறொன்றும் வேண்டியிராது. வெள்ளை மக்காச்சோள மாவும் மலிவு. அங்கே அதைக் கிளறிப் 'பாப்' என்ற பெயரில் உண்கிறார்கள். களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு அது புதிய வித்தை அல்ல.

இவற்றோடு ஒரு நல்ல கத்தி, மூடியுள்ள ஒரு பாத்திரம், ஒரு பிளாஸ்க், தலையில் மாட்டும் விளக்கு, மூடி இறுக்கமாக உள்ள சில டப்பாக்கள், குளிர் காக்கும் ஒரு பெட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர்க் குடுவைகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிலின் கத்தி எந்த முகாமிலும் தக்காளியை நசுக்கத்தான் செய்யும்.

ஐந்தாம் படி: உள்ளே நுழைதல்

பூங்கா வாயிலில் கடவுச்சீட்டையும் முன்பதிவுக் கடிதத்தையும் காட்டி, கட்டணம் செலுத்தி, அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். வெளியேறும்போது இதே சீட்டைக் கேட்பார்கள்; ஆகவே காரின் முன்பெட்டியில் பத்திரமாக வையுங்கள். குடில் பிற்பகல் 2 மணிக்குத்தான் தருவார்கள். அதற்கு முன்பே வாயிலை அடைவது நல்லது. ஏனென்றால் வாயிலிலிருந்து முகாமுக்குச் செல்லும் வழியே உங்கள் முதல் காட்டுப் பயணம்.

தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் என்பது சட்டம். நின்று நின்று பார்த்துப் போகும்போது உண்மையில் மணிக்கு 20 அல்லது 25 கிலோமீட்டர்தான் கடக்க முடியும். குரோக்கடைல் பிரிட்ஜ் வாயிலிலிருந்து லோயர் சாபிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஓர்பன் வாயிலிலிருந்து சடாராவுக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர். வரைபடத்தில் விரல்கடை அளவாகத் தெரியும் இந்தத் தூரங்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மே முதல் ஜூலை வரை வாயில்கள் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5:30க்கு மூடுகின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் வாயில்கள் 4:30க்கே திறந்து மாலை 6:30க்கு மூடுகின்றன. மற்ற மாதங்கள் இவற்றுக்கு இடையில் அமையும். தாமதமாக வந்தால் அபராதம் உண்டு. யானைக் கூட்டம் சாலையை மறித்தது என்ற காரணத்தை வாயிற்காவலர்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். மாலையில் கடைசி அரை மணி நேரத்தை எப்போதும் மிச்சம் வைத்தே திரும்புங்கள்.

ஆறாம் படி: குடிலில் முதல் மணி நேரம்

வரவேற்பிடத்தில் சாவி வாங்கும்போதே மறுநாளைய காலை நடைக்கும் இரவுச் சுற்றுக்கும் பதிவு செய்துகொள்ளுங்கள். முகாம் வாயில் மூடிய பிறகு வெளியே செல்ல ஒரே வழி, பூங்கா ஊழியர் ஓட்டிச் செல்லும் இந்த வண்டிகள்தான். காலை நடையில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் உடன் வருவார்கள்; 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அதில் சேர்ப்பதில்லை.

குடிலுக்குள் படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு எல்லாம் இருக்கும். அடுப்பு சூடாகிறதா, குளிர்பெட்டி ஓடுகிறதா, சன்னல் கொசுவலையில் கிழிசல் உண்டா, பட்டியலில் உள்ள பாத்திரங்கள் இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். குறை இருந்தால் பகலிலேயே வரவேற்பிடத்தில் சொல்லிவிட வேண்டும். இருட்டிய பின் சொன்னால் மறுநாள்தான் ஆள் வருவார். கூரைப் புல்லிலும் சுவரிலும் பல்லிகள் இருக்கும். அவற்றை விரட்ட வேண்டாம். கொசுவையும் பூச்சியையும் தின்று உங்களுக்கு உதவுகிறவை அவை.

பிறகு உணவைப் பூட்டுங்கள். மற்ற எந்த வேலையும் இதற்குப் பின்புதான். வெர்வெட் குரங்குகளும், 'பபூன்' எனப்படும் பெரிய குரங்குகளும் புதிதாக வரும் ஒவ்வொரு காரையும் கவனித்துக்கொண்டிருக்கின்றன. காரிலிருந்து பைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டுக் கதவைத் திறக்கத் திரும்பிய நேரத்தில், எங்கள் முழு ரொட்டியும் மரக்கிளைக்குப் போய்விட்டது. திருடியவர் அதை உறையைப் பிரித்து ஒவ்வொரு துண்டாக எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். திண்ணையில் உள்ள குளிர்பெட்டிக்குத் தாழ்ப்பாளோ கம்பிக் கூண்டோ இருந்தால், பகலில் இரண்டு நிமிடம் அகன்றாலும் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால், அடிக்கடி வரும் உள்ளூர்க்காரர்கள் செய்வது போலக் குளிர்பெட்டியின் கதவு சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிடலாம். குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். சில முகாம்களில் தேன்வளைக்கரடிகள் குப்பைத் தொட்டிகளைக் கவிழ்ப்பதில் தேர்ந்தவை.

இரவில் வேலிக்கு வெளியே கழுதைப்புலி ஒன்று முன்னும் பின்னுமாக நடப்பதைக் காணலாம். இறைச்சி சுடும் மணம் அதை இழுத்து வருகிறது. அது நின்று பார்க்கும் பார்வை நம் தெருநாயின் பார்வை போலவே இருக்கும். எலும்பை வீசத் தோன்றும். வீசக் கூடாது. மனிதரிடம் உணவு பெற்றுப் பழகிய விலங்கு அஞ்சுவதை விட்டுவிடுகிறது. ஆபத்தாக மாறிய பின் அதைப் பூங்காவினரே சுட்டுக் கொல்ல வேண்டிய நிலை வருகிறது. குரங்குக்குப் போடும் வாழைப்பழத்துக்கும் இதே கதைதான்.

ஏழாம் படி: அடுப்பும் நெருப்பும்

அங்கே மாலை உணவு என்றாலே 'பிராய்', அதாவது திறந்தவெளிக் கரியடுப்பில் சுடுவது. பெரும்பாலும் ஒவ்வொரு குடிலின் முன்பும் அதற்கான இரும்பு அடுப்பு நிற்கும். விறகையும் கரியையும் முகாம் கடையிலேயே வாங்கலாம்; காட்டில் சுள்ளி பொறுக்குவது குற்றம். மேலே புல்கூரை இருப்பதால் அடுப்பை இருக்கும் இடத்திலிருந்து திண்ணைக்கு நகர்த்தக் கூடாது. நெருப்பு மூட்டி, கொழுந்து அடங்கிக் கரி வெண்சாம்பல் பூக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுக் கொழுந்தில் வைத்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

முகாம் கடைகளில் கிடைக்கும் 'பூரவோர்ஸ்' என்ற தடித்த சாசேஜ், மல்லிவிதை மணம் கொண்டது. நம் நாக்குக்கு அந்நியமாக இராது. மாட்டிறைச்சி கலந்தது என்பதால் தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்கவும். சைவம் உண்பவர்களுக்கும் இந்த நெருப்பு நல்ல துணை. மக்காச்சோளக் கதிர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைச் சுடலாம். கத்தரிக்காயைத் தோல் கருகச் சுட்டு, புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து பிசைந்தால், சூடான சோற்றுக்குத் துவையல் தயார்.

ஆனால் மாலை நெருப்பில் மறுநாள் காலைக்கும் சேர்த்துச் சமைத்துவிடுவதே இந்த வாழ்க்கையின் சூட்சுமம். எலுமிச்சைச் சாதமோ, உருளைக்கிழங்குப் பொரியலோடு சப்பாத்தியோ இரவே டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். விடியலில் செய்ய வேண்டிய ஒரே வேலை, கெட்டிலில் நீரைக் கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் காபியோ தேநீரோ ஊற்றுவதுதான். வாயில் திறப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே காரோடு வரிசையில் நில்லுங்கள். காபியில் தோய்த்துத் தின்ன உள்ளூர்க்காரர்கள் கையில் தடித்த ரஸ்க் வைத்திருப்பார்கள். நீங்களும் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள்.

காலைச் சிற்றுண்டியைக் குடிலுக்குத் திரும்பாமல் வழியிலுள்ள உணவருந்துமிடங்களில் முடிக்கலாம். அஃப்சால், ட்ஷோக்வானே, ந்குலு போன்ற இடங்களில் காரை விட்டு இறங்க அனுமதி உண்டு. சில இடங்களில் 'ஸ்காட்டல்' என்ற அகன்ற தோசைக்கல் போன்ற வாயு அடுப்பை வாடகைக்குத் தருவார்கள். முட்டையும் வெங்காயமும் கொண்டுபோனால் அங்கேயே ஆம்லெட் போடலாம். அங்கும் குரங்குகள் காத்திருக்கும். ஒருவர் சமைக்க, ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

எட்டாம் படி: காட்டில் நடந்துகொள்ளும் முறை

குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. சன்னல் வழியே உடலை வெளியே நீட்டவும் கூடாது. சிங்கம் காரை ஒரே பொருளாகப் பார்க்கிறது என்று சொல்வார்கள்; அந்தப் பொருளிலிருந்து ஒரு மனித உருவம் பிரிந்து வந்தால் கணக்கு மாறிவிடும். யானை எதிரே வந்தால் வழியை அதற்கே விட்டுவிடுங்கள். காதை விரித்துத் தலையை உலுக்கினாலோ, கன்னப் பக்கத்தில் கரிய நீர் வழியும் ஆண் யானையாக இருந்தாலோ, ஒலி எழுப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கூட்டத்துக்கும் குட்டிக்கும் இடையில் காரை நுழைத்துவிடாதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

முகாமுக்குள்ளும் இருட்டிய பிறகு விளக்கு இல்லாமல் நடக்காதீர்கள். வேலி பெரிய விலங்குகளைத் தடுக்குமே தவிர, பாம்பையும் தேளையும் தடுக்காது. திண்ணையில் விட்ட செருப்பைக் காலையில் தட்டிவிட்டு அணியுங்கள். குழந்தைகளை ஆற்றோரம் வேலிக்கு அருகில் தனியே விட வேண்டாம்.

நண்பகலில் விலங்குகளும் நிழலில் படுத்துவிடும். பதினோரு மணி முதல் மூன்று மணி வரை குடிலில் தூங்குங்கள், துணி துவையுங்கள். லெட்டாபாவில் தங்கினால், பெருந்தந்த யானைகளுக்கென்றே அங்குள்ள காட்சிக்கூடத்தை இந்த நேரத்தில் பாருங்கள்.

ஒன்பதாம் படி: கிளம்புதல்

காலை 10 மணிக்குள் குடிலைக் காலி செய்ய வேண்டும். கடைசி நாளிலும் விடியல் பயணத்தை விட மனம் வராது. ஆகவே முந்தின இரவே மூட்டைகளைக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டு, காலையில் போய்விட்டு வந்து ஒன்பதரைக்குள் ஏற்றுங்கள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது அங்கே எழுதப்படாத மரியாதை. கழுவாமல் விடுகிறவர்களைப் பற்றித் துப்புரவுப் பணியாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று நமக்குத் தெரியாமல் இல்லை. பிரிக்காத பொட்டலங்களையும் மீந்த அரிசியையும் அந்தப் பணியாளர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். மீந்த விறகை அடுத்து வருகிறவர்களுக்காக அடுப்போரம் அடுக்கி வைக்கலாம்.

பச்சை இறைச்சி மட்டும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். க்ரூகரின் எருமைகளிடம் கோமாரி நோய்க் கிருமி இருப்பதால், நோய் வெளியே உள்ள கால்நடைகளுக்குப் பரவாதபடி வெளியேறும் வாயில்களில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டு, தேவைப்பட்டால் காரில் உள்ள குளிர் காக்கும் பெட்டியையும் திறந்து பார்ப்பார்கள். கடைசி இரவின் நெருப்பில் எல்லாவற்றையும் சுட்டு முடித்துவிட்டால், வாயிலில் அனுமதிச் சீட்டை நீட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.